மழைக்காட்டுத் தாவரங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழைக்காட்டு மண் சத்தற்றது என்கிறார்கள். பிறகு எப்படி அங்கே 40, 50 மீட்டர் உயர மரங்கள் நெருக்கமாக வளர்கின்றன?

பதில்: எல்லா மழைக்காட்டு மண்ணும் சத்தற்றதல்ல, ஜாவா போன்ற எரிமலைத் தீவுகளில் அது வளமானதே. ஆனால் அமேசான் படுகையின் பெரும்பகுதியில், நெடுங்காலமாகப் பெய்துவரும் மழை மண்ணின் தாதுக்களைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. அங்கே உதிரும் இலை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாக மட்கிவிட, அதிலிருந்து வெளிவரும் சத்து நிலத்துக்குள் இறங்கும் முன்பே, தரையின்மேல் பாய்போலப் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்களும் அவற்றோடு கூடி வாழும் பூஞ்சைகளும் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த வேர்ப்பின்னல் எவ்வளவு கறாரானது என்பதை, வெனிசுவேலாவின் அமேசான் காட்டில் நடத்தப்பட்டு 1978இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கதிரியக்கம் கொண்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் பின்னலின்மேல் இட்டுப் பார்த்தபோது, ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உடனடியாகக் கீழே கசிந்தது.

அப்படியும் மழையிலும் வெள்ளத்திலும் ஓரளவு பாஸ்பரஸ் போகத்தான் செய்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்வதில் சகாரா பாலைவனத்துக்குப் பங்குண்டு என்றால் வியப்பாக இருக்கும். அட்லாண்டிக்கைக் கடந்து காற்றில் வரும் அதன் தூசு, ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் படுகையில் சேர்ப்பதாக, நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

கேள்வி: அடர்ந்த நிழலில் முளைக்கும் செடி வெளிச்சமில்லாமல் எப்படிப் பிழைக்கிறது?

பதில்: மர உச்சிகளின்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரையை எட்டுகிறது. பல மரக்கன்றுகள் அதைக் கொண்டு உயிரை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, அருகில் ஒரு பெருமரம் சாய்ந்து வானம் திறக்கும்வரை ஆண்டுக்கணக்கில் அநேகமாக வளராமலே நிற்கின்றன. அமெரிக்கக் கண்டத்து மழைக்காடுகளின் செக்ரோப்பியா மரமோ நிழலில் முளைப்பதே இல்லை. இலைகளின் ஊடாக வடிகட்டப்பட்டு வரும் ஒளியில் சிவப்புக் கதிர் குறைந்திருப்பதை அதன் விதை உணர்ந்து, நேரடி வெயில் படும் நாள்வரை மண்ணில் உறங்கும்.

இவற்றையெல்லாம் விட நுட்பமானதாக எனக்குத் தோன்றுவது, கோஸ்டா ரிக்காவில் ஆராயப்பட்ட ஒருவகை மான்ஸ்டெரா கொடியின் போக்கு. செடி என்றாலே வெளிச்சத்தை நாடும் என்றுதான் நினைப்போம். தரையில் முளைக்கும் இக்கொடியின் தளிரோ, சுற்றிலும் எந்தத் திசை மிகவும் இருண்டிருக்கிறதோ அந்தத் திசையில் ஊர்கிறது. அருகிலிருக்கும் பருத்த அடிமரமே அந்த இருள் என்பதால், பற்றி ஏறுவதற்கு வேண்டிய ஆதாரம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. மரத்தைத் தொட்டபின் அது ஒளியை நோக்கித் திரும்பி, இலைகளைப் பட்டையோடு ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டவைத்தபடி மேலேறுகிறது.

கேள்வி: கிளைகளின்மேல் வளரும் ஆர்க்கிடுகள் மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றனவா?

பதில்: இல்லை. அவை இடத்துக்காக மட்டும் மரத்தைச் சார்ந்திருக்கும் தொற்றுத்தாவரங்கள். மண்ணில்லாத கிளையில் மழை நின்ற சில மணி நேரத்திலேயே வறட்சி தொடங்கிவிடும் என்பதால், ஆர்க்கிடின் வேரைச் சுற்றியுள்ள பஞ்சுபோன்ற உறை மழைநீரை நொடிகளில் ஈர்த்துக்கொள்கிறது. புரோமிலியாட் செடிகள் பலவும் இலையடிகளைக் குவளையாக்கி நீரைச் சேமிக்கின்றன. உண்மையான ஒட்டுண்ணி வேண்டுமென்றால் சுமாத்திராவின் ரஃப்ளீசியாவைச் சொல்லலாம். இலையும் தண்டும் இல்லாத அது, காட்டுக்கொடி ஒன்றின் உடலுக்குள் நூலிழைகளாக மறைந்து வாழ்ந்து, ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் பூவாக மட்டுமே வெளியே தலைகாட்டுகிறது.