தறிச் சத்தமும் டிவி சத்தமும்

ஐயா, வணக்கம். குடியாத்தத்தில் கூட்டுக் குடும்பம். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் கைத்தறி, சமையலறையில் மிக்ஸி, கூடத்தில் மாமாவின் டிவி. காலையில் ஆரம்பித்தால் செய்தி விவாதம் ஓடிக்கொண்டே இருக்கும். விசைத்தறியில் 30 வருடம் நின்றவர். குறைத்து வைத்தால் அவருக்குக் கேட்பதில்லை. மீட்டிங்கில் நான் பேசினால், “அங்கே யார் சண்டை போடுறாங்க?” என்கிறார்கள். ஜன்னலைச் சாத்த நம் ஊர் வெயில் விடுமா? வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

வேலையை விடாதீர்கள்.

தறியைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டீர்கள். டிவியைப் பற்றித்தான் மிச்சமெல்லாம். நானும் தறி வீட்டில் வளர்ந்தவன். நாடா போய்வரும் சத்தத்தில்தான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்; தறி நின்றால்தான் தலை நிமிரும். ஒரே தாளத்தில் வரும் ஓசை மனதுக்குப் பழகிவிடுகிறது. பேச்சு அப்படியில்லை. எண்களை வரிசையாக நினைவில் வைக்கும்போது பின்னால் பேச்சு கேட்டால், அது மெல்லியதாக இருந்தாலும், நினைவு குலைகிறது என்று 1970களிலேயே உளவியல் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பார்ப்பதோ கணக்கு வேலை. தவறு உங்கள் கவனத்தில் இல்லை.

ஆகவே வீட்டையே அமைதியாக்கப் போராட வேண்டாம். மிக்ஸியை அத்தையிடம் சொன்னால் மீட்டிங்குக்கு முன்பே ஓட்டிவிடுவார். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். கூடத்துப் பக்கத்துக் கதவை மட்டும் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வையுங்கள். சத்தம் இடுக்கு வழியாகத்தான் அதிகம் வரும். லேப்டாப் மைக்கில் பேசாதீர்கள். வாயருகே மைக் உள்ள ஹெட்செட் வாங்குங்கள். இரைச்சலை நீக்கும் வசதி மீட்டிங் மென்பொருளில் இருக்கும், ஃபேன் சத்தத்தை நன்றாகவே எடுத்துவிடும். டிவி குரலையும் உங்கள் குரலையும் பிரிப்பதுதான் அதற்குச் சிரமம். பேசாத நேரத்தில் மியூட்டில் இருங்கள்.

இனி மாமா. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். வருடக்கணக்கில் அதில் நின்றால் உட்காதின் நுண்மயிர் செல்கள் அழிந்துபோகும், திரும்ப வளராது. முதலில் போவது உச்ச ஒலிகள். ச, த போன்ற எழுத்துகள் தேய்ந்துவிடும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல” என்பார்கள். அப்போது டிவியை எவ்வளவு கூட்டினாலும் தெளிவு வராது.

“டிவியைக் குறைங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். “காதைக் காட்டிட்டு வரலாம், வாங்க மாமா” என்று கூப்பிடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. தேவையென்றால் காதுக்கருவி சொல்வார்கள். அதுவரை டிவியோடு இணையும் ப்ளூடூத் ஹெட்போனோ, அவர் நாற்காலியருகே ஒரு சின்ன ஸ்பீக்கரோ போதும். ஒலி தூரத்தில் தேய்வது; பக்கத்தில் இருந்தால் பாதி வால்யூமிலேயே அவருக்குக் கேட்கும், உங்கள் அறைக்கு வராது.

என் அப்பாவுக்கு நாங்கள் காதைப் பார்க்கவே இல்லை. கத்திப் பேச அலுத்து, கடைசி ஐந்தாறு வருடம் வீட்டில் யாரும் அவரிடம் நீளமாகப் பேசவில்லை. அவரும் டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

போய் வந்ததும் எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார், மாமா என்ன சொன்னார், இரண்டையும்.