90 கிலோமீட்டர் வேகத்தில் என் பழைய காரின் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தும் நிற்கவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் கருவி பூஜ்யம் காட்டிவிட்டது என்பதற்காகச் சக்கரத்தின் மீதுள்ள சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். நான் அப்படி விட்டுத்தான் நான்கு மாதங்களையும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் ஒரு ஜோடியின் விலையையும் தொலைத்தேன்.

என்னுடையது 2010 மாடல் சிறிய பெட்ரோல் கார். திருச்சியிலிருந்து விழுப்புரம் போகும்போது, பாடாலூர் தாண்டிச் சாலை காலியாக இருந்ததால் 90-ஐத் தொட்டேன். ஸ்டீயரிங் உள்ளங்கையில் கூசத் தொடங்கியது. 100-இல் டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த மூக்குக்கண்ணாடி நகர்ந்து விழுந்தது. 70-க்கு இறக்கினால் பச்சைப்பிள்ளை போல் அமைதி. ஊருக்குள் 50-க்கு மேல் போக வழியில்லாத தெருவில் ஓட்டிப் பார்த்த மெக்கானிக், "நன்றாகத்தானே சார் இருக்கிறது" என்று சாவியைத் திருப்பித் தந்தார். அவர் மீது தவறில்லை. அந்த வேகத்தில் இந்த நோய் வெளியே வராது.

ஏன் வராது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 14 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். 90 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால் போதும், அந்த வேகத்தில் அது மூன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட விசையாகி நொடிக்கு 13 முறை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். 45-இல் ஒரு கிலோகூட இருக்காது. போதாததற்கு, ஸ்பிரிங்கில் தொங்கும் சக்கரம் தானாகத் துள்ளும் தாளமும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். சிலருக்கு 110 தாண்டினால் நடுக்கம் குறைந்துவிடுவதற்கும் இதுதான் காரணம். அதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் காரிடமே சில கேள்விகள் கேட்கலாம். நடுக்கம் ஸ்டீயரிங்கில் வருகிறதா, இருக்கையிலும் தரையிலும் வருகிறதா? ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன் சக்கரங்கள். இருக்கை என்றால் பின் சக்கரங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டயரைத் தொடவே வேண்டாம், பிரேக் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் போய்விட்டால் எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டையோ எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள். வாகன நெரிசல் இல்லாத இடத்தில், நடுக்கம் வரும் வேகத்தை மாற்றாமல் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின் நிரபராதி.

இன்னொன்று. பேலன்சிங் செய்யப் போனால் கூடவே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டையும் செய்யச் சொல்வார்கள். அது வேறு நோய்க்கான மருந்து. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நேர்ச்சாலையில் இப்படி நடுங்காது.

என் விஷயத்தில் எல்லாப் பதில்களும் முன் சக்கரத்தைத்தான் காட்டின. ஆனால் மூன்று முறை பேலன்சிங் செய்தும் பலனில்லை என்பதால் ஒருவர் லோயர் ஆர்மை மாற்றச் சொன்னார், மாற்றினேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகுதான் புரிந்தது: தேய்ந்த புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்), ஆட்டம் கண்ட டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு), பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) இவையெல்லாம் பொதுவாக நடுக்கத்தைப் பெற்றெடுப்பதில்லை, வளர்க்கின்றன. பழைய காரில் இவற்றைச் சோதிக்கத்தான் வேண்டும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை இடதும் வலதும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்ட்டின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ பேசும். ஆனால் பெற்றவரை விட்டுவிட்டு வளர்த்தவரைப் பிடித்து என்ன பயன்?

கடைசியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஒரு செங்கல்லின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் முனை டயரின் தரை படும் பகுதியை உரசாமல் உரசுவது போல் நிறுத்தினார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். இடப்பக்கச் சக்கரத்தில் இடைவெளி ஒரே அளவில் ஓடியது. வலப்பக்கத்தில் ஒரு சுற்றில் ஒரு முறை முனை டயரில் முட்டியது. டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டையான பெல்ட் விட்டுப்போய், மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ரப்பர் மேடு தட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை; கையால் தடவினால் தெரிந்தது.

பேலன்சிங் கருவி ஏன் இதைப் பிடிக்கவில்லை? அது எடையைத்தான் பார்க்கிறது. மேட்டுக்கு எதிரே ஈயக்கட்டி ஒட்டினால் எடை சமமாகிவிடும், திரையில் பூஜ்யம் வந்துவிடும். கோணலான உருண்டையையும் எடை சமமாக்க முடியும். காரின் பாரம் அதன் மேல் இறங்கித் தரையில் உருளும்போதுதான் மேடு உதைக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். என்னுடையதில் 3115 என்றிருந்தது: 2015-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். அப்போது நடந்துகொண்டிருந்தது 2023. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் வரி, இன்னும் பாதி இருக்கிறதே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த டயர் அது.

மேடு இல்லையென்றால் அதே ஸ்க்ரூடிரைவரை ரிம்மின் விளிம்பில் வைத்துச் சுற்றுங்கள். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம் அப்படித்தான் அகப்படும். உள்பக்கத்தில் காய்ந்த சேறு, ஈயக்கட்டி விழுந்த இடத்தில் தெரியும் சுத்தமான சதுரத் தடம், சக்கரம் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு, இவற்றையும் பாருங்கள். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினாலே சிலருக்குச் சரியாகிவிடும். எதுவும் அகப்படாவிட்டால் முன் சக்கரங்களைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்று. செலவு அரை மணி நேரம்.

மேடு தட்டிய டயரோடு மட்டும் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். நானும் அன்று உடனே ஸ்டெப்னியை மாட்டச் சொன்னேன். பெரியவர் அதை உருட்டிக்கொண்டு வந்து, பக்கவாட்டைத் துடைத்து, என்னிடம் திருப்பிக் காட்டினார். 0910. காரோடு வந்தது. இரண்டு புது டயர் வாங்கப் போன நான் மூன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.