வாசகர் கேள்வி – பதில்: இளகிய களிமண்மேல் சாலைக்கரை

கேள்வி: பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டி தூக்கிப்போடுகிறது. எத்தனை முறை தார் ஒட்டுப்போட்டாலும் மறுபடி பள்ளம் விழுகிறதே, ஏன்?

பதில்: குறை தாரில் இல்லை, அடியில். பாலம் ஆழத்து உறுதியான படுகையில் ஊன்றிய பைல்கள் (நீண்ட அடித்தூண்கள்) மேல் நிற்பதால் அசையாது. அதை ஒட்டிய மண்கரையோ இளகிய களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. கரையின் பாரத்தில் களிமண்ணில் உள்ள நீர் கசிந்து வெளியேற, அந்த அளவுக்குத் தரை தாழ்கிறது. ஒட்டுப்போடும் ஒவ்வொரு முறையும் பாரம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது என்பதுதான் வேடிக்கை.

களிமண்ணிலிருந்து வெளியேற நீர் கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். 10 மீட்டர் களிமண், மேலும் கீழும் மணல், இறுகல் கெழு (நீரை விட்டு மண் இறுகும் வேகத்தின் அளவு) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால், 90 சதவீதம் தாழ 21 ஆண்டுகள் ஆகும். கீழே மணலுக்குப் பதில் நீர் புகாத பாறை இருந்தால் 85 ஆண்டுகள்.

கேள்வி: வடிகால் பட்டை இறக்கினால் இந்தத் தாழ்வு குறையுமா?

பதில்: குறையாது. களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கும் பட்டை நீருக்குக் குறுக்குவழி தருவதால் சீக்கிரம் முடிந்துவிடும், அவ்வளவுதான். சாலை போடுவதற்கு முன்பே தாழ்ந்து முடியவேண்டும் என்பதே நோக்கம்.

பட்டை 100 மில்லிமீட்டர் அகலம், 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நடுவில் வரிப்பள்ளங்கள் உள்ள பிளாஸ்டிக், மேலே வடிதுணி உறை. முக்கோண அமைப்பில் இறக்குவார்கள். கிடைவாக்கில் இறுகல் கெழு ஆண்டுக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்து, பட்டையை உள்ளே கொண்டுசெல்லும் இரும்புக் குழல் இறங்கும்போது சுற்றியுள்ள மண் குழம்புவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 90 சதவீதத்துக்கு 1 மீட்டர் இடைவெளியில் 6 மாதம், 1.2 மீட்டரில் 9, 1.5 மீட்டரில் 15 மாதம் வரும். பட்டையை மிச்சம் பிடிக்க 1.2 மீட்டரை 1.5 ஆக்கப்போய் அரை வருடம் போய்விடும். அதற்காக 1 மீட்டருக்கும் கீழே நெருக்கிக்கொண்டே போனால், குழம்பிய மண் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கிப் பலன் மட்டுப்படும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை: குழலை மேலே இழுக்கும்போது பட்டையும் கூடவே வந்தால், பட்டையின் கீழ்நுனியில் நங்கூரமாக மாட்டிய அடித்தகடு மண்ணில் பிடிக்கவில்லை என்று பொருள். பக்கத்திலேயே புதிதாக ஒன்று இறக்குங்கள். மேல்நுனி, வரும் நீரை ஓரத்துக்குக் கொண்டுபோகக் கரைக்கு அடியில் பரப்பும் மணல் விரிப்புக்கு மேலே 15 முதல் 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரிப்பு மணலில் நுண்துகள் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எங்கள் கணக்கில் பட்டையை விட அதிகம் கெடுவது இந்த விரிப்புதான். பக்கச்சரிவை அழகுபடுத்துகிறேன் என்று களிமண்ணைப் பூசி அதன் ஓரத்தை அடைத்துவிடுவார்கள். வந்த நீர் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பட்டை இறக்கிய செலவு வீண்.

கேள்வி: 5 மீட்டர் கரையை ஒரே மூச்சில் கொட்டலாமா?

பதில்: களிமண்ணின் வெட்டுவலிமை (வழுக்கி நகராமல் தாங்கும் வலிமை) 10 கிலோபாஸ்கல் என்றால், அதைத் தாங்குதிறன் எண்ணான 5.14-ஆல் பெருக்கி, கரை மண்ணின் கன எடையான கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டனால் வகுங்கள். 2.7 மீட்டரிலேயே அடிமண் பிதுங்கிவிடும். 1.35 காப்புக்காரணி வைத்தால் முதல் கட்டம் 2 மீட்டர்தான். அந்தப் பாரத்தில் 80 சதவீதம் இறுகினால் வலிமை ஏறத்தாழ 16.5-க்கு வந்து, கரையை 3.3 மீட்டருக்கு உயர்த்தலாம். 1.2 மீட்டர் இடைவெளியில் இந்தக் காத்திருப்பு ஆறரை மாதம். அவசரமென்றால் அடியில் ஜியோகிரிட் (மண்ணை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வலை) விரிப்பது, கரையோரம் பிதுங்காமல் பக்கத்தில் தாழ்வான தாங்குதிட்டு கட்டுவது என்று வழியுண்டு.

கரையின் நடுத்தாழ்வை விட அடியோரத்தின் பக்கநகர்வு வேகமெடுத்தாலோ, கரைமேல் நீளவாக்கில் விரிசல் விழுந்தாலோ, ஓரத்துத் தரை உப்பினாலோ கொட்டுவதை உடனே நிறுத்துங்கள். மேலிருந்து மண்ணை அள்ளுங்கள். ஓரத்தில் மட்டும் எதையும் தோண்டாதீர்கள். அது சரிவை முடுக்கிவிடும்.

கேள்வி: கூடுதல் சுமையாகக் கொட்டிய மண்ணை எப்போது எடுக்கலாம்?

பதில்: தாழ்வைச் சீக்கிரம் முடிக்கத் தற்காலிகமாக ஏற்றுவதே கூடுதல் சுமை. நாள்காட்டியைப் பார்த்து அல்ல, தாழ்வுத்தட்டைப் (கரைக்கு அடியில் வைத்துத் தாழ்வை அளக்கும் தட்டு) பார்த்து எடுங்கள். நிரந்தரக் கரை மட்டும் நின்றால் கடைசியில் எவ்வளவு தாழுமோ, அந்த அளவைக் கூடுதல் சுமையின்கீழேயே தாண்டியிருக்க வேண்டும். இறுதித் தாழ்வை மதிப்பிட அசவோகா 1978-இல் தந்த முறை கைகொடுக்கும். சம இடைவெளியில் எடுத்த அளவுகளில் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதற்கு எதிராகக் குறித்து, வரும் நேர்கோடு 45 பாகைக் கோட்டை வெட்டும் இடம்தான் விடை. பாதித் தாழ்வுக்கு முன்பே கோடு போட்டால் விடை குறைவாக வரும். வேலை முடிந்துவிட்டது என்று ஏமாறுவீர்கள். மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரில் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

கரை 1 மீட்டர் தாழ்ந்தால் அந்த 1 மீட்டர் மண் தரைக்குள் போயிருக்கிறது. மேல்மட்டம் சரியாக வர அதையும் சேர்த்தே கொட்டியிருக்க வேண்டும். அந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: காத்திருக்க நேரமில்லை. கல்தூண் போடலாமா?

பதில்: போடலாம். களிமண்ணில் துளையிட்டு ஜல்லியை இறுக்கி நிரப்பிய தூண் அது. பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்வதால் தாழ்வே குறையும். ஆனால் களிமண்ணின் வெட்டுவலிமை 15 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால், சுற்றுமண் பிடிமானம் தராமல் கல் பக்கவாட்டில் பிதுங்கும். அங்கே தூணுக்கு ஜியோடெக்ஸ்டைல் (மண்வேலைக்கான உறுதியான செயற்கைத் துணி) உறை போட வேண்டும்.