பழைய கணினி, புதிய ரவுட்டர்

அன்புள்ள சார்,

அப்பாவின் விண்டோஸ் 98 கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஓடுகிறது! அவர் எழுதிய கடிதங்கள், கணக்குகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஃப்ளாப்பி டிரைவ் போய்விட்டது, யுஎஸ்பி கிடையாது, ஆனால் நெட்வொர்க் கார்டு இருக்கிறது. வீட்டு ரவுட்டரில் மாட்டலாமா? புதிய கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தேன், பழையதில் தெரியவே இல்லை.
ம.

அன்புள்ள ம.,

தாராளமாக மாட்டலாம். ஆனால் வீட்டுக்குள் மட்டும் பேசட்டும், இணையத்துக்குப் போக வேண்டாம். விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன. அதனால் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினிக்கான எண்) நீங்களே கொடுங்கள், ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.200 மாதிரி வேறு யாருக்கும் போகாத ஒன்று, சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 255.255.255.0, வெளியே போகும் வழியான கேட்வே இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

ஷேர் தெரியாததற்குக் காரணம், பழைய விண்டோஸ் பேசுவது, ஃபோல்டர்களை ஷேர் செய்ய விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான், அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைக் கழற்றிவைக்கத் தொடங்கினார்கள். திரும்ப ஆன் செய்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள், கோப்புகளை அனுப்ப எஃப்டிபி என்ற பழைய முறை இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

கேபிளைச் சொருகியதும் கார்டின் பின்னால் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். என்னிடம் இருந்த கார்டில் மூன்று வாய்கள், எதில் சொருகியும் விளக்கு எரியவில்லை. ஒரு மாலை முழுக்கக் கேபிள் கேபிளாக மாற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கார்டு டிவி கேபிள் மாதிரியான பழைய கோஆக்சியல் வாய்க்கு செட் ஆகியிருக்கிறது. டாஸில் அதன் செட்டப்பை ஓட்டி ட்விஸ்டட் பேருக்கு, அதாவது இப்போதைய நெட்வொர்க் கேபிள் வாய்க்கு, மாற்றிய நொடியில் பச்சை விளக்கு வந்தது, அந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. இன்னொன்று, உங்களுடையது 10 எம்பிபிஎஸ் கார்டாக இருந்தால், புதிய ரவுட்டர்களின் 2.5 கிகாபிட் போர்ட்டுகளில் பல அந்த வேகத்துக்கு இறங்கி வராது. நடுவில் ஒரு சாதாரண 10/100 நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம், புதிய கணினியில் ஒரு எஃப்டிபி சர்வரை ஓடவிடுங்கள், வேலை முடியும்வரை மட்டும். விண்டோஸ் 98-இலேயே எஃப்டிபி கட்டளை இருக்கிறது, டாஸ் விண்டோவைத் திறந்து அதிலிருந்தே அனுப்பலாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக 'பைனரி' (binary) என்ற கட்டளையைக் கொடுங்கள். எஃப்டிபி இயல்பாகவே வெறும் எழுத்துக் கோப்புகளுக்கான முறையில் இருக்கும், அப்படியே அனுப்பினால் வேர்டு கோப்பும் படமும் சிதைந்துதான் போய்ச் சேரும்.

கடிதங்களை முதலில் எடுங்கள், கணக்கெல்லாம் பிறகு. அவ்வளவு வயதான ஹார்ட் டிஸ்க் அடுத்த முறை சுழலும் என்று உறுதி கிடையாது. அதனால் ஒவ்வொரு கோப்பின் அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, சிலதைத் திறந்தும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கணினியை அணையுங்கள்.