செயின்சா என்ஜினுக்குப் பொருந்தும் பிஸ்டனை எப்படிக் கண்டுபிடிப்பது?

மரம் அறுக்கும் பழைய செயின்சாவின் என்ஜினைப் பிரித்துவிட்டீர்கள். மாடல் பெயரைச் சொல்லிப் புதுப் பிஸ்டன் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஸ்டில் நிறுவனத்தின் 044 மாடலையே பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. தான், ஆனால் தொடக்ககாலத் தயாரிப்புகளில் பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) 10 மி.மீ., பிந்தியவற்றில் 12 மி.மீ. பெயர் ஒன்று, பிஸ்டன் வேறு.

ஆகவே முதலில் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய உதிரிபாகப் பட்டியலில் பாக எண்ணைத் தேடுங்கள். பிறகு வெர்னியர் காலிப்பரால் அளவெடுங்கள்: பிஸ்டனின் விட்டம், பின்னின் விட்டம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் தடிமன், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையிலான உயரம். இந்த உயரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது கூடினால் பிஸ்டன் சிலிண்டரின் உச்சியில் இடிக்கும். குறைந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு, குறையும். பழைய பிஸ்டனைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்தது வேறில்லை.

கேஸ்கெட் (பாகங்களின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு), கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) இரண்டையும் புதிதாகவே போடுங்கள். பழைய சீல் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, புதுப் பிஸ்டனும் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும்.