பக்கத்து நாடுகளோடு கூட்டுச் சேர்வதில் அரசு எடுக்கும் முடிவைப் பொதுமக்கள் கருத்து எவ்வளவு தூரம் மாற்றுகிறது?

மாற்றும். ஆனால் எல்லார் கருத்துக்கும் ஒரே எடை கிடையாது.

எனக்குக் குடியாத்தம் பக்கம். 2019 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நின்றவர்கள் பேச்செல்லாம் நியூசிலாந்து பற்றித்தான். அங்கிருந்து பால் பவுடர் வரியில்லாமல் வந்து இறங்கினால் நம்ம லிட்டர் விலை என்ன ஆகும் என்று பெரியப்பா கேட்டார். கிரிக்கெட்டைத் தாண்டி அந்த நாட்டைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. (உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்ற கடுப்பு வேறு.)

ஆர்.சி.இ.பி. என்ற, இறக்குமதி வரிகளைக் குறைக்கும் வர்த்தக ஒப்பந்தத்துக்கு அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகள் 10, அவற்றோடு சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. மறு வருடம் மற்ற 15 நாடுகளும் கையெழுத்துப் போட்டன. பால்காரர்களால் மட்டும் விலகினோம் என்று சொல்ல மாட்டேன், சீனச் சரக்கு பற்றிய பயமும் பெரிது. ஆனாலும் ஆர்.எஸ்.எஸ். சார்பு அமைப்பான சுதேசி ஜாக்ரண் மஞ்ச், காங்கிரஸ், விவசாய சங்கங்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றது அபூர்வம். விலை குறைந்தால் நமக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் மிச்சமாகும், அதற்காக யாரும் ரோட்டுக்கு வர மாட்டோம். நாலு மாடு வைத்திருப்பவர் வருவார்.

ஐரோப்பாவில் நேரடியாக ஓட்டே வைக்கிறார்கள். 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் மக்கள் நிராகரித்தார்கள். அரசு போய்ச் சில விலக்குகள் வாங்கி வந்து மறு வருடம் ஒப்புதல் பெற்றது. அந்த விலக்கால்தான் இன்றும் அங்கே யூரோ கிடையாது. 2008இல் அதே ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு வேண்டாம் என்ற அயர்லாந்திடம் 2009இல் மறுபடி கேட்டு வாங்கினார்கள். பதில் மக்களுடையது, எப்போது கேட்பது என்பது மட்டும் அரசின் கையில்.

அந்தக் கணக்கு பிசகியது 2016இல். கட்சிக்குள் இருந்த நெருக்கடியைச் சமாளிக்க பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் ஓட்டெடுப்பு வைக்கப்போய், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது என்று 52க்கு 48 சதவீதத்தில் முடிவானது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சான் அன்று பவுண்டு சரிவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் 2025 ஜூலையில் பிரிட்டன் தனியாக இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. நம்ம ஷூவுக்கு அங்கே வரி நீங்குகிறது என்று மச்சானுக்குச் சந்தோஷம். பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அதுல பாலு இருக்குதா?"

இல்லை. பாலை வெளியே வைத்துவிட்டுத்தான் கையெழுத்தே போட்டிருக்கிறார்கள்.