வீட்டில் யாருக்குக் கார் ஓட்டத் தெரியாது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சிகாகோவையும் நியூயார்க்கையும் பற்றித்தான். இரண்டு இடத்திலும் குடித்தனம் செய்தவள் நான். 1998 முதல் 11 வருடம் சிகாகோ பக்கம், 2009 முதல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி. அதனால் இந்த இதழை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் மகனுக்கு இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது. நியூயார்க்கில் சம்பளம் அதிகம். மருமகளுக்கு இப்போதைக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. நானும் போய் ஆறு மாதம் இருப்பேன். எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்?
— கும்பகோணம் வாசகி

முதலில் சம்பள விஷயத்தை முடித்துவிடுகிறேன். நியூயார்க் நகருக்குள் குடியிருந்தால் மத்திய வரி, மாநில வரி போக, நகரத்துக்கென்று தனி வருமான வரி உண்டு. அது மட்டும் மூன்று சதவீதத்துக்கு மேல் போகும். சிகாகோவில் நகர வருமான வரி கிடையாது. இல்லினாய் மாநில வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 4.95 சதவீதம். கடையில் சாமான் வாங்கும்போது போடும் வரி மட்டும் சிகாகோவில் கூடுதல். வாடகையோ நியூயார்க்கில் மிக அதிகம். மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் இருந்தால்தான் பல வீட்டுக்காரர்கள் விண்ணப்பத்தையே கையில் வாங்குவார்கள். அதனால் அந்தக் கூடுதல் சம்பளம் முழுசாக வீட்டுக்கு வராது என்பதை மகனிடம் சொல்லுங்கள்.

சரி, அதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாருக்குக் கார் ஓட்டத் தெரியாது? ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். உங்கள் வீட்டில் மருமகள், நீங்கள் என்று இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அம்மா 2005 மே மாதம் வந்தபோது நாங்கள் நேப்பர்வில்லில் இருந்தோம். சிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகர். பெரிய வீடு, புல்வெளி, நல்ல பள்ளிக்கூடம். காலையில் கணவர் ரயிலேறி நகரத்துக்குப் போய்விடுவார், நான் காரில் வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு நடக்க அருமையான நடைபாதை இருந்தது, ஆனால் நடந்து போய்ச் சேர ஒரு இடம் இல்லை. கடை ஒன்றரை மைல் தூரம். நடுவில் ஆறு வரிசை கார் ஓடும் சாலை வேறு. மதியம் தபால் வண்டி வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தபோது, "இன்னிக்கு தபால்காரர் மாறிட்டாரு, பொம்பள ஒருத்தி வந்தா" என்றார். அன்று முழுக்க அவர் பார்த்த மனித முகம் அது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு வந்தவர் மூன்றாவது மாதமே டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

2011ல் அதே அம்மா குவீன்ஸில் ஃப்ளஷிங் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டே அறை, சமையலறையில் இருவர் நின்றால் இடித்துக்கொள்ளும். முதல் வாரம் கோயில்வரை நான் கூடப் போனேன். பவுன் தெருவில் இருக்கும் மகா வல்லப கணபதி கோயில், 1977 ஜூலை 4ஆம் தேதி குடமுழுக்கு ஆனது. இரண்டாவது வாரம் அம்மா தனியாகக் கிளம்பிவிட்டார். பத்து நிமிட நடை. போகும் வழியில் சீனக் காய்கறிக்கடைகள். பாகற்காய், முள்ளங்கி, நீளக் கத்திரிக்காய், கட்டுக்கட்டாகக் கீரை எல்லாம் வாசலிலேயே குவிந்திருக்கும். கடைக்கார அம்மாளுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. என் அம்மா இரண்டு விரலைக் காட்டுவார், அவர் மூன்று விரலைக் காட்டுவார், பேரம் முடிந்துவிடும். முளைக்கீரை மாதிரி சிவப்பு நரம்போடிய கீரை ஒன்றைக் கண்டுபிடித்து, பூண்டு தட்டிப்போட்டுக் கடைந்து வைத்திருந்தார். அந்த முறை ஆறு மாதமும் முழுசாக இருந்தார். போகும்போது கடைக்கார அம்மாளிடம் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

இதனால் சிகாகோ மோசம், நியூயார்க் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகாகோ நகருக்குள்ளேயே டெவான் அவென்யூ பக்கம் நாங்கள் முதல் ஐந்து வருடம் இருந்தோம். மளிகை, புடவைக்கடை, பேருந்து எல்லாம் நடக்கும் தூரம். நான் கார் இல்லாமலேயே அங்கே சந்தோஷமாக இருந்தேன். அதேபோல, நியூயார்க்கில் வேலை என்று சொல்லிவிட்டு நியூஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் நிறையப் பேர். நம் ஊர்க்காரர்கள் சூழ இருப்பார்கள், ஆனால் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் பெரும்பாலும் முடியாது. ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள். வீட்டு வாசலில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நியூயார்க் சுரங்க ரயிலில் 472 நிலையங்கள், ராத்திரி பகல் இல்லாமல் ஓடும். ஆனால் லிஃப்ட் இல்லாத நிலையங்கள்தான் அதிகம். முழங்கால் வலி இருந்தால், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காமல் வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் உண்டு.

உங்கள் வீட்டு நிலைமைக்கு என் முடிவு: மருமகள் வீட்டிலிருக்கப் போகும் முதல் இரண்டு வருடத்துக்கு குவீன்ஸ். சிகாகோவைத்தான் மகன் விரும்புகிறார் என்றால் நகர எல்லைக்குள் வீடு. புறநகர்தான் என்றால், மருமகள் லைசென்ஸ் எடுத்து, அவருக்கென்று இரண்டாவது காரும் வாங்கிய பிறகு போகட்டும்.

நியூயார்க் தெருவில் குப்பை மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன என்கிறார்களே, உண்மையா? சிகாகோ சுத்தம் என்கிறார்களே?
— மதுரை வாசகர்

உண்மைதான். ஆனால் அது மக்களின் குணத்தால் வந்த வித்தியாசம் இல்லை. நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனுக்கு 1811ல் தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்தபோது வீடுகளுக்குப் பின்னால் சந்து விடவில்லை. கொல்லைப்புறமே இல்லாத வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? அதனால் சாயங்காலமானால் கறுப்பு மூட்டைகள் நடைபாதைக்கு வந்துவிடும், எலிகளும் வரும். 2024 நவம்பரிலிருந்து, 9 வீடுகள் வரை உள்ள கட்டடங்கள் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பையை வைக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

சிகாகோவில் பின்சந்துகள் மட்டும் சுமார் 1,900 மைல். குப்பைத் தொட்டி, கார் ஷெட், மின்கம்பம் எல்லாம் பின்னால் போய்விடுவதால் முன்தெரு பளிச்சென்று இருக்கும். வெயில் காலத்தில் அந்தச் சந்தில்தான் பிள்ளைகள் பந்து விளையாடும். என் மகள் சைக்கிள் பழகியதும் அங்கேதான்.

அக்டோபரில் ஏழு நாள் அமெரிக்கா போகிறோம். எதைப் பார்ப்பது?
— கோவை தம்பதி

நியூயார்க்குக்கு நான்கு நாள், சிகாகோவுக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு ரயில் பயணம். சிகாகோவில் இரவு கிளம்பினால் சுமார் 20 மணி நேரத்தில் நியூயார்க். லேக் ஷோர் லிமிடெட் என்று பெயர். கடைசிப் பகுதியில் ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டியே வரும், அக்டோபரில் மரமெல்லாம் சிவந்திருக்கும். இடதா வலதா என்று யோசிக்காமல் ஆற்றுப் பக்கம் உட்காருங்கள். நியூயார்க் வரை நேரே போகிற வண்டிதானா என்று டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவில் ஆற்றுப் படகில் கட்டடங்களைப் பார்க்கும் சவாரியை விடவே கூடாது. வில்லிஸ் டவர் என்று இப்போது சொல்லும் 110 மாடிக் கட்டடத்துக்கு கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் படித்து வளர்ந்தவர். அப்புறம் மிச்சிகன் ஏரி. கரைக்குப் போய் நின்றால் மறுகரை தெரியாது, மெரினாவில் நிற்பது மாதிரியே இருக்கும். உப்பு வாசனை மட்டும் இருக்காது. கரையோரம் 18 மைல் நடைபாதை, காசு கிடையாது.

நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் தீவுக்குப் போக நேரமில்லை என்றால் ஸ்டேட்டன் ஐலண்ட் படகில் ஏறுங்கள். முழுக்க இலவசம். 25 நிமிடப் பயணம், சிலையைத் தாண்டிப் போகும். டிக்கெட் வேண்டுமென்று யாராவது வழிமறித்து விற்க வந்தால் வாங்காதீர்கள். புரூக்ளின் பாலத்தைப் புரூக்ளின் பக்கமிருந்து மன்ஹாட்டனை நோக்கி நடந்து கடந்தால் முழுக் காட்சியும் முன்னால் இருக்கும்.

சுவாமி விவேகானந்தர் பேசிய இடத்தை சிகாகோவில் பார்க்க முடியுமா?
— ராமநாதபுரம் வாசகர்

முடியும். மிச்சிகன் அவென்யூவில் உள்ள ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடம்தான் அது. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமய மாநாடு தொடங்கியது அங்கே. அந்தச் சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவப் பெயராக வைத்திருக்கிறார்கள். வாசலில் இருக்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் அடுத்த வருடம்தான் வந்தன, அவர் பேசிய நாளில் அவை அங்கே இல்லை. உங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதி போகச் சொல்லி ஊக்கப்படுத்தியதும், சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடுவீடாகப் பணம் திரட்டியதும் இல்லாமல் அந்தப் பயணம் இல்லை. படிக்கட்டில் நின்றபோது எனக்கு அந்த இரண்டு பேர் ஞாபகம்தான் வந்தது.

ஜனவரியில் சிகாகோவில் படிக்கச் சேர்கிறேன். குளிரை நினைத்தால் பயமாக இருக்கிறது.
— சென்னை மாணவி

பயப்பட வேண்டாம், ஆனால் சாதாரணமாகவும் நினைக்காதீர்கள். என் முதல் குளிர்காலத்தில், 1999 புத்தாண்டை ஒட்டி 21 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. வெட்டியெடுத்த இடத்தில் வேறு யாரும் காரை நிறுத்திவிடக் கூடாதென்று தெருவெல்லாம் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை யாரும் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே வருகிற நீளம் வேண்டும். கையுறையை விட விரல் பிரியாத உறைதான் சூடு தரும். காதை மூடாமல் தெருவில் இறங்காதீர்கள். முகவரிக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம்தான் பூஜ்யம், அங்கிருந்து பொதுவாக 800 எண்ணுக்கு ஒரு மைல். டெவான் அவென்யூ வடக்கே 6400, அதாவது 8 மைல். கைப்பேசி குளிரில் திடீரென்று அணைந்துபோகும், அப்போது இந்தக் கணக்கு உதவும்.

ரயில் நடைமேடையில் தலைக்கு மேலே சிவப்பாக எரியும் சூட்டு விளக்குகள் இருக்கும். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் எரியும். சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடி அழுத்துங்கள். கூடவே புறாக்களும் வந்து காலடியில் நிற்கும்.